கை, கன்னம், பாதம் மதமதப்பு: சுகர் இல்லை, வறட்சியும் இல்லை. ஷோக்ரன் நோயா இருக்குமா?

கிராமச் செவிலியர், முக்கூடல் பக்கம்

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஃபீல்டுல பீடி சுத்துற ஒரு அக்கா, வயசு 42. எட்டு மாசம் முன்னால வலது கை விரல் நுனியில மதமதப்பு தொடங்கியிருக்கு. அடுத்து இடது கன்னம். அதுக்கும் பிறகுதான் ரெண்டு பாதமும். பாதம் ராத்திரியில திகுதிகுன்னு எரியுதுன்னு சொல்லுதாங்க.

முன்னெல்லாம் டிவியைப் பாத்துக்கிட்டே மடியில தட்டை வச்சு சுத்துவாங்க. இப்ப விரலையே பாத்துக்கிட்டு இருந்தாத்தான் நூல் கட்ட வருது. கண்ணை எடுத்தா இலை பிரிஞ்சு தூள் கொட்டிருது. கையில பலம் குறையலை, அரிவாள்மனையில காய் நல்லாவே நறுக்குதாங்க. ஆத்துல முங்கும்போது மட்டும் பக்கத்துல நிக்கிறவங்களைப் பிடிச்சுக்கிடணும்.

மக்களைத் தேடி மருத்துவத்துல பாத்தப்ப சுகர் இல்லை. எச்பிஏ1சி (மூணு மாசச் சராசரி சுகர்) 5.6, தைராய்டு சரி, பி12 780. முதல்ல மணிக்கட்டு நரம்பு அழுத்தம்னு சொல்லி நரம்புச் சத்து ஊசியும் மாத்திரையும் குடுத்திருக்காங்க. மாத்திரை ஏழு மாசமா ஓடுது. போன வாரம் எடுத்த நரம்புக் கடத்தல் ரிப்போர்ட்டுல கை, கால் ரெண்டுலயும் சென்சரி (உணர்வு) பதிலே இல்லை, மோட்டார் (அசைவு) நார்மல்னு இருக்கு. இஎஸ்ஆர் (உடம்புல அழற்சி இருக்கிறதைக் காட்டுறது) 62. ஏஎன்ஏ (சொந்த உடம்பையே தாக்குற ஆன்டிபாடிக்கான டெஸ்ட்) 1:320, ஸ்பெக்கிள்டு (புள்ளிப் புள்ளியா).

ஷோக்ரனா இருக்கலாம்னு, அதாவது உடம்போட எதிர்ப்பு அணுக்களே கண்ணீர், எச்சில் சுரப்பிகளைத் தாக்குற நோயா இருக்கலாம்னு ஒரு டாக்டர் சொல்லியிருக்கார். அந்த நோய்ல கண்ணும் வாயும்தான் முதல்ல வறளும்னு படிச்சிருக்கேன். இவங்க அப்படி எதுவும் இல்லைன்னு சொல்லுதாங்க. நரம்பு முந்தி வர்றது உண்டா? பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறதுக்கு முன்னால நான் எதைப் பாக்கணும், எந்த டெஸ்ட்டை முதல்ல எடுக்கச் சொல்லணும்?

---

நரம்பியல் மருத்துவர், பாளையங்கோட்டை

சிஸ்டர், உண்டு. ஷோக்ரன்ல வறட்சிக்கு மாசக் கணக்குல, சில பேருக்கு வருஷக் கணக்குல முந்தியே நரம்பு பாதிப்பு வந்துரும். வறட்சி இல்லைங்கிற ஒரே காரணத்துக்காக அதை விலக்கக் கூடாது.

நீங்க எழுதின வரிசைதான் இதுல முக்கியம். சுகர்ல நீளமான நரம்பு முதல்ல கெடும். ரெண்டு கால் விரலும் ஒண்ணா மரத்து, மதமதப்பு முழங்கால் பக்கம் ஏறி வந்த பிறகுதான் கை விரல் நுனிக்கு வரும். கை முதல்ல, அதுவும் ஒரு கை மட்டும், அடுத்து கன்னம்னு தாறுமாறா வந்தா பிரச்சினை நரம்பு இழையில இல்லை, அதோட வேர்ல இருக்கு. தண்டுவடத்தை ஒட்டி முள்ளெலும்பு இடுக்குல உணர்வு நரம்புக் கணுக்கள் இருக்கு. தொடுதல், வலி, மூட்டு எந்த நிலையில இருக்குங்கிற தகவல் எல்லாத்துக்கும் தாய் செல் அங்கதான். ரத்தத்துல இருக்கிறதை நரம்புக்குள்ள விடாம தடுக்கிற சுவர் அந்தக் கணுவுல பலமில்லாதது. ஷோக்ரன்ல நிணநீர் அணுக்கள் அது வழியாப் புகுந்து செல்லையே அழிக்கும். எந்தக் கணுவுல முதல்ல புகுதோ அந்த இடம் முதல்ல மரக்கும். முகத்துக்கு உணர்வு தர்ற நரம்புக்கும் மண்டைக்குள்ள இதே மாதிரி ஒரு கணு உண்டு, கன்னம் மரத்தது அதனாலதான். அசைவுக்கான செல்கள் தண்டுவடத்துக்கு உள்ளே இருக்கிறதால அதுக்கு ஒண்ணும் ஆகலை. பலம் இருந்தும் நூல் கட்ட வராததுக்குக் காரணம் இது. விரல் எங்க இருக்குன்னு மூளைக்குத் தெரியலை, கண்ணால பாத்து ஈடு கட்டுதாங்க. முங்கும்போது கண்ணை மூடினதும் அந்த ஈடும் போயிருது.

நீங்களே பாக்கக்கூடியது நாலு இருக்கு. நோயாளி கண்ணை மூடிக்கிடட்டும். கால் பெருவிரலை ரெண்டு பக்கவாட்டுலயும் பிடிச்சு, மேலயோ கீழயோ சில மில்லிமீட்டர் அசைச்சு, எந்தப் பக்கம்னு கேளுங்க. மேலும் கீழுமாப் பிடிச்சா அழுத்தத்தை வச்சே சொல்லிருவாங்க, டெஸ்ட் வீணாயிரும். இதையே கை ஆள்காட்டி விரல்லயும் செய்யணும். ரெண்டாவது, பாதத்தை ஒட்டி வச்சு நிக்கச் சொல்லி கண்ணை மூடச் சொல்லுங்க. பிடிக்கிறதுக்கு நீங்க பக்கத்துலயே நிக்கணும். மூணாவது, ரெண்டு கையையும் முன்னால நீட்டிக் கண்ணை மூடினா விரல்கள் தானா மெதுவா நெளியுதான்னு பாருங்க. நாலாவது, முழங்கால், குதிகால் தட்டல். கணு கெட்டிருந்தா அந்தத் துடிப்பு வராது.

தொழுநோயை நம்ம பக்கம் பாக்காம விடவே கூடாது. முழங்கை உட்பக்கம் எலும்புக் குழியில ஓடுற நரம்பு, முழங்காலுக்கு வெளிப்பக்கம் கீழே எலும்பை ஒட்டி ஓடுறது, காதுக்குக் கீழே கழுத்துல குறுக்கா ஓடுறது, இந்த மூணையும் விரலால உருட்டித் தடிப்பு இருக்கான்னு பாருங்க. உணர்ச்சி இல்லாத தேமல் இருக்கான்னு முதுகு, புட்டம் உட்பட நல்ல வெளிச்சத்துல பாக்கணும். தொழுநோய்ல சூடும் வலியும் தெரியாது, ஆனா தட்டல் துடிப்பும் மூட்டு நிலை உணர்வும் பெரும்பாலும் தப்பிச்சிருக்கும். இவங்களுக்கு அது நேர்மாறா இருக்கும்னு நினைக்கிறேன்.

இன்னைக்கே செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. அந்த நரம்புச் சத்து அட்டையைத் திருப்பிப் பாருங்க. பைரிடாக்சின், அதாவது பி6, எத்தனை மில்லிகிராம்? ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவை 2 மில்லிகிராமுக்கும் கம்மி. மாத்திரைக்கு 100 மில்லிகிராம் உள்ள அட்டைகள் கடையில தாராளமா இருக்கு. தினம் 200க்கு மேல மாசக் கணக்குல போனா பி6 தானே அதே கணுக்களைக் கெடுக்கும். அதுக்குக் கீழயும் சிலருக்கு வந்திருக்கு. ரிப்போர்ட்டும் இதே மாதிரிதான் வரும், ஷோக்ரனா பி6ஆன்னு பிரிக்கவே முடியாது. இவங்களுக்கு மதமதப்பு மாத்திரைக்கு முன்னாலயே வந்துட்டதால அது மூலகாரணம் இல்லை. ஆனாலும் எரியுற நெருப்புல எண்ணெய் ஊத்துற வேலை அது, நிறுத்திருங்க. பி12 மட்டும் தனியா வேணும்னா குடுக்கலாம்.

இதே கணுப் பாதிப்பு புற்றுநோய்க்குக் குடுக்குற சிஸ்பிளாட்டின் மருந்து, எச்ஐவி, நுரையீரல் புற்றுநோய் இதுலயும் வரும். புகையிலைப் பழக்கம் இருந்தாலோ, உடம்பு மெலிஞ்சாலோ நெஞ்சு சிடி அவசியம். பழக்கமே இல்லைன்னாலும் ஒரு தடவை எடுத்துப் பாத்துருவேன்.

காலம் கடத்த வேண்டாம். கணுவுல செத்த செல் திரும்ப முளைக்காது. மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்துறதுதான் வைத்தியம், அதுல வாரங்கள் முக்கியம்.

---

லேப், திருநெல்வேலி டவுன்

டாக்டர் சொன்னதோட மாதிரி எடுக்குற விஷயம் சிலது. டெஸ்ட் சரியா இருந்தும் எடுத்த விதத்துல தப்பு நடந்து ரிப்போர்ட் ஏமாத்திருது.

பி12 780ஐ நம்பாதீங்க. ஊசி போட்ட பிறகு ரத்தத்துல அளவு ஏறிரும், முன்னால குறைவா இருந்ததான்னு அதை வச்சுச் சொல்ல முடியாது. இனி வர்ற நோயாளிகளுக்காவது ஊசிக்கு முன்னால ரத்தம் எடுத்து வச்சிருங்க. 200க்குக் கீழே இருந்தா குறைபாடு. 200க்கும் 300க்கும் நடுவுல வந்தா ஹோமோசிஸ்டினும் கேக்கணும்.

ஏஎன்ஏ எந்த முறையில பாத்தாங்கன்னு ரிப்போர்ட்ல பாருங்க. 1:320, ஸ்பெக்கிள்டுன்னு போட்டிருக்கிறதால இம்யூனோஃப்ளோரசென்ஸ்தான் (மைக்ரோஸ்கோப்புல பாக்குற முறை), நல்லது. எலைசாவுல வெறும் நம்பர்தான் வரும். அடுத்து ஈஎன்ஏ ப்ரொஃபைல் கேளுங்க, எந்த ஆன்டிபாடின்னு தனித்தனியாப் பிரிச்சுக் காட்டுற டெஸ்ட் அது. அதுல எஸ்எஸ்ஏ ரோ60, ரோ52, எஸ்எஸ்பி மூணும் தனித்தனியா இருக்கணும். ரோ52 மட்டும் பாசிட்டிவா வந்தா ஷோக்ரன்னு முடிவு கட்டிராதீங்க, தசை அழற்சியிலயும் வேற நோய்கள்லயும் அது வரும். இன்னொண்ணு, ஏஎன்ஏ நெகட்டிவா இருந்தும் ரோ பாசிட்டிவ் ஆகலாம். சந்தேகம் பலமா இருந்தா ஏஎன்ஏயோட நிறுத்தக் கூடாது.

அதோட ருமட்டாய்டு ஃபேக்டர், சி3, சி4 (எதிர்ப்பு சக்திக்கு உதவுற ரத்தப் புரதங்கள்), சீரம் புரோட்டீன் எலக்ட்ரோஃபோரசிஸ், ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி. ஹெபடைட்டிஸ் சி அசல் ஷோக்ரன் மாதிரியே வறட்சியும் நரம்புக் கோளாறும் தரும்.

கிரையோகுளோபுலின் (குளிர்ந்தா வீழ்படிவாகுற ரத்தப் புரதம்) எழுதிக் குடுத்தா கலெக்‌ஷன் சென்டர்ல குடுத்துட்டு வந்துறாதீங்க. முன்கூட்டியே 37 டிகிரிக்குச் சூடாக்கின சிரிஞ்சு, குழாய்லதான் எடுக்கணும். உறையுறதும் சீரம் பிரிக்கிறதும் அதே சூட்டுல நடக்கணும். பிரிச்ச பிறகுதான் 4 டிகிரியில வச்சு, ஒரு வாரம் வரைக்கும் வீழ்படிவு வருதான்னு பாப்போம். ஐஸ் பெட்டியில போட்டு பஸ்ல அனுப்பின ரத்தத்துல அந்தப் புரதம் கட்டியோடவே இறங்கிப் போயிரும், ரிப்போர்ட் நெகட்டிவ்னு வரும். மெஷின் இருக்கிற லேபுக்கு ஆளை நேர்ல அனுப்புங்க.

---

கிராமச் செவிலியர், முக்கூடல் பக்கம்

ரொம்ப நன்றி டாக்டர், நன்றி அண்ணாச்சி. இன்னைக்குப் பாத்துட்டேன்.

கால் பெருவிரல் அசைவு ரெண்டு பக்கமும் தெரியலை. வலது ஆள்காட்டி விரல்லயும் தெரியலை, இடது கையில பாதிக்குப் பாதி தப்பு. கண்ணை மூடினதும் சாஞ்சுட்டாங்க, பிடிச்சுக்கிட்டேன். நீட்டின விரல் நெளியுது. தட்டல் துடிப்பு எங்கயும் இல்லை. நரம்புத் தடிப்பும் தேமலும் இல்லை. மாத்திரையில பி6 100 மில்லிகிராம், காலையும் ராத்திரியும். நிறுத்தியாச்சு.

பேசிக்கிட்டு இருக்கும்போது வேற ரெண்டு விஷயம் சொன்னாங்க. கல்லடைப்புன்னு ரெண்டு தடவை வைத்தியம் பாத்திருக்காங்க. போன கார்த்திகையில ஒரு நாள் காலையில எழுந்திருக்கவே முடியலையாம், ரெண்டு காலும் துவண்டு போச்சாம். ஒரு கிளினிக்ல குளுக்கோஸ் ஏத்தின பிறகு இன்னும் மோசமாகி, வேற இடத்துக்குக் கொண்டு போய் ரெண்டு நாள்ல சரியாயிருக்கு. அந்தச் சீட்டைத் தேடி எடுத்தேன்: சோடியம் 140, பொட்டாசியம் 2.1, குளோரைடு 114, பைகார்பனேட் 14. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கா?

---

பொது மருத்துவர், தென்காசி

சம்பந்தம் இருக்கு சிஸ்டர். கணக்குப் போட்டுப் பாருங்க: 140லிருந்து 114, 14 ரெண்டையும் கழிச்சா 12. ரத்தத்துல அமிலம் கூடியிருக்கு, ஆனா அந்த 12, அதாவது ஆனியான் இடைவெளி, நார்மல். அதோட பொட்டாசியம் இவ்வளவு தாழ்ந்து, கல்லும் இருந்தா சிறுநீரகக் குழாய்க் கோளாறுதான், டிஸ்டல் ஆர்டிஏ. சிறுநீரகத்தோட கடைசிக் குழாயால அமிலத்தை வெளியே தள்ள முடியாது, பொட்டாசியம் ஒழுகிப் போகும். மூத்திரம் அமிலமா மாறாததாலயும் அதுல சிட்ரேட் குறையுறதாலயும் கால்சியம் பாஸ்பேட் படிஞ்சு கல்லாகும். நடு வயசுப் பெண்ணுக்கு ஆர்டிஏ இருந்தா முதல்ல தேட வேண்டிய காரணம் ஷோக்ரன். நம்ம நாட்டுல கால் துவண்டு அட்மிட் ஆகி, அதுக்குப் பிறகு ஷோக்ரன்னு தெரிய வந்த பெண்கள் நிறைய உண்டு.

அதுக்கு மூத்திர பிஎச் பாக்கணும். காலையில புதுசாப் பிடிச்ச மூத்திரத்தை உடனே பாக்கணும். வெயில்ல வச்ச பாட்டில்ல கிருமி வளர்ந்து பிஎச் தானா ஏறிரும். ரத்தத்துல அமிலம் கூடியிருக்கும்போதும் பிஎச் 5.5க்குக் கீழே இறங்கலைன்னா ஆர்டிஏ பெரும்பாலும் உறுதி. வயித்து ஸ்கேன்ல சிறுநீரகத்துக்குள்ள சுண்ணாம்புப் படிவு இருக்கான்னும் கேளுங்க.

அந்தக் கிளினிக்ல ஏன் மோசமாச்சுன்னு எல்லாரும் தெரிஞ்சுக்கிடணும். குளுக்கோஸ் ஏத்தினா இன்சுலின் சுரக்கும், அது ரத்தத்துல மிச்சம் இருக்கிற பொட்டாசியத்தையும் செல்லுக்குள்ள தள்ளிரும். திடீர்னு கை கால் துவண்டவங்களுக்குப் பொட்டாசியமும் ஈசிஜியும் பாக்காம குளுக்கோஸ் பாட்டில் மாட்டவே கூடாது. மாத்துறதும் நார்மல் சலைன்லதான். நம்ம ஊர்ல வர்ற 15 சதவீத பொட்டாசியம் குளோரைடு 10 மில்லி ஆம்பூல்ல 20 மில்லிஈக்விவலன்ட் இருக்கும். கை நரம்புல ஒரு மணி நேரத்துக்கு 10க்கு மேல போகக் கூடாது, ஒரு லிட்டர்ல 40க்கு மேல கலக்கக் கூடாது. நேரா ஊசியில தள்ளினா இதயம் நின்னுரும். அமிலத்தைச் சரி பண்ணுதோம்னு பைகார்பனேட்டை முதல்ல குடுத்தாலும் ஆபத்து. பொட்டாசியம் இன்னும் இறங்கி மூச்சுத் தசை நிக்கலாம். முதல்ல பொட்டாசியம், பிறகுதான் காரம்.

நீண்ட நாளைக்கு பொட்டாசியம் சிட்ரேட் சிரப். ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 1 முதல் 2 மில்லிஈக்விவலன்ட் காரம் கிடைக்கிற மாதிரி, மூணு வேளையாப் பிரிச்சு, ஒரு டம்ளர் தண்ணியில கலந்து சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கணும். வாங்கும்போது லேபிளைப் படிங்க. கல்லுக்குன்னு விக்கிற சில சிரப்புல 5 மில்லிக்கு 20 மில்லிகிராம் பி6 கலந்திருக்கும். மாத்திரையை நிறுத்திட்டு இதுல குடிச்சா பிரயோஜனம் இல்லை.

இளநீர் குடிச்சா போதுமான்னு வீட்ல கேப்பாங்க. குடிக்கலாம், மருந்துக்குப் பதிலா ஆகாது. தினமும் ஒழுகுற அளவை அதால ஈடு கட்ட முடியாது.

---

வாதநோய் மருத்துவர், திருநெல்வேலி

கணுப் பாதிப்பு, ஆர்டிஏ, ஏஎன்ஏ மூணும் ஒரே ஆளுக்கு இருக்கு. என்னைப் பொறுத்தவரை ஷோக்ரன்தான். ஆனாலும் ஆதாரத்தைச் சேத்து வைக்கணும். பின்னால விலை கூடின மருந்து தேவைப்படும்போது பேப்பர் வேணும்.

2016ல அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய்ச் சங்கங்கள் சேர்ந்து வச்ச மதிப்பெண் முறையில 4 வந்தா ஷோக்ரன். ரோ பாசிட்டிவுக்கு 3, உதட்டு பயாப்சிக்கு 3. கண் சாயப் பரிசோதனை, ஷிர்மர் (கண்ணீர் அளவு), எச்சில் அளவு மூணுக்கும் ஒவ்வொண்ணு. நரம்பு பாதிப்புக்கு அதுல மார்க்கே கிடையாது. நரம்புல தொடங்குறவங்கள்ல ரோ நெகட்டிவா இருக்கிறவங்களும் கணிசம், அவங்களுக்கு உதட்டு பயாப்சி இல்லாம 4 வராது.

வறட்சி இல்லைன்னு அவங்க சொல்றதை அப்படியே எடுத்துக்கிடாதீங்க சிஸ்டர். வருஷக்கணக்குல மெல்ல வந்தா பழகிரும். ஆனி, ஆடியில அடிக்கிற காத்துக்கும் தூசிக்கும் நம்ம பக்கம் யாருக்குத்தான் கண் உறுத்தலை, வெத்தலை போடுற வாய்க்கு எச்சில் குறைஞ்சதே தெரியாது. கேள்வியை மாத்திக் கேளுங்க. தண்ணி இல்லாம பொரிகடலையோ ரஸ்கோ விழுங்க முடியுதா? ராத்திரி தலைமாட்டுல சொம்புத் தண்ணி வச்சுப் படுக்காங்களா? வெங்காயம் நறுக்கினா கண்ணீர் வருதா? காதுக்கு முன்னால தாடைப் பக்கம் அடிக்கடி வீங்குதா?

எச்சிலை நீங்களே அளக்கலாம். ஒரு மணி நேரம் முன்னால இருந்து சாப்பாடு, தண்ணி, வெத்தலை, பல் தேய்ப்பு எதுவும் கூடாது. உக்கார வச்சு, ஒரு தடவை விழுங்கச் சொல்லிட்டு, அடுத்த 15 நிமிஷம் விழுங்காம, மெல்லாம, ஊறுறதை ஒரு சின்ன கப்புல துப்பச் சொல்லுங்க. 2 மில்லி சிரிஞ்சுல உறிஞ்சு அளவைப் பாருங்க. 1.5 மில்லியோ அதுக்குக் கீழேயோ இருந்தா ஒரு மார்க். செட்டிரிசின், அமிட்ரிப்டிலின் மாதிரி வாயை வறட்டுற மாத்திரை எடுத்துக்கிட்டு இருந்தா இந்த அளவு செல்லாது. ஷிர்மர் கண் ஆஸ்பத்திரியில: மரப்பு மருந்து ஊத்தாம கீழ் இமையோட வெளிப்பக்கத்துல தாளைச் செருகி, 5 நிமிஷத்துல 5 மில்லிமீட்டரோ அதுக்குக் கீழயோ நனைஞ்சா ஒரு மார்க்.

உதட்டு பயாப்சின்னா பயப்படுவாங்க. கீழ் உதட்டு உட்பக்கம் மரப்பு ஊசி போட்டு, ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கீறி நாலஞ்சு குட்டிச் சுரப்பியை எடுப்பாங்க. அன்னைக்கே வீட்டுக்குப் போகலாம். சிலருக்கு அந்த இடத்துல கொஞ்ச நாள் மரப்பு இருக்கும், அபூர்வமா நிலைச்சிரும். கையெழுத்து வாங்கும்போது அதைச் சொல்லணும். 4 சதுர மில்லிமீட்டருக்கு 50 நிணநீர் அணு கூடின கொத்து ஒண்ணாவது இருந்தா பாசிட்டிவ். ஸ்டீராய்டு தொடங்குறதுக்கு முன்னால எடுத்துருங்க, பிறகு எடுத்தா கொத்து கலைஞ்சு போயிருக்கலாம்.

பாத எரிச்சலுக்கு யாராவது அமிட்ரிப்டிலின் எழுதியிருந்தா மாத்தச் சொல்லுங்க. வாயும் கண்ணும் இன்னும் காயும். ப்ரீகபாலின் ராத்திரி 75ல தொடங்கலாம், ஆனா தள்ளாடுறவங்களுக்கு அதுவே தலைசுத்தலைக் கூட்டும், அதனால 50 போதும். டுலோக்செட்டினும் ஓரளவு வாயை வறட்டும்.

---

நரம்பியல் மருத்துவர், பாளையங்கோட்டை

வாதநோய் டாக்டர் சொன்னதோட ஒத்துப் போறேன், ஒரு இடத்தைத் தவிர. பயாப்சி ரிப்போர்ட் வர்ற வரைக்கும் வைத்தியத்தை நிறுத்தி வைக்க வேண்டாம். சதையை எடுத்த அன்னைக்கே தொடங்கலாம்.

இனி வர்ற ஆட்களுக்காக இதையும் சொல்லிருதேன். ஷோக்ரன் எல்லார்க்கும் கணுவுலதான் வரும்னு இல்லை. சிலருக்கு மெல்லிய நரம்பு மட்டும் கெடும். எரிச்சல் உயிர் போகும், ஆனா நரம்புக் கடத்தல் ரிப்போர்ட் சுத்தமா நார்மல்னு வரும், ஏன்னா அந்த மெஷின் தடித்த நரம்பைத்தான் அளக்கும். "எல்லாம் மனசுதான்"னு திருப்பி அனுப்பிராதீங்க. வெளிக் கணுக்காலுக்கு 10 சென்டிமீட்டர் மேலே 3 மில்லிமீட்டர் தோல் துண்டு எடுத்துப் பாத்தாத் தெரியும்.

வேற மூணு வகை அவசரம். ஒண்ணு, ஒரே நாள்ல பாதம் தொங்கிப் போறது, கூடவே கணுக்கால்ல ஊதாப் புள்ளி. ரத்தக்குழாய் அழற்சி நரம்புக்கு ரத்தத்தை நிறுத்திருச்சுன்னு அர்த்தம். ரெண்டு, ரெண்டு காலும் செயலிழந்து மூத்திரம் அடைக்கிறது, அல்லது ஒரு கண் பார்வை சில நாள்ல மங்குறது. மூணு, எந்த மாத்திரைக்கும் நிக்காத வாந்தி, விக்கல். பின்ன சொன்ன ரெண்டும் கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்குற என்எம்ஓங்கிற நோய்ல வரும், அது ஷோக்ரனோட சேர்ந்தே வர்றது உண்டு. வாந்திக்கு வயித்து டாக்டர்கிட்டயே ஓடிக்கிட்டு இருப்பாங்க, கோளாறு மூளைத்தண்டோட பின்பக்கம் இருக்கும். எம்ஆர்ஐயில தண்டுவடத்துல மூணு முள்ளெலும்பு நீளத்துக்கோ அதுக்கு மேலயோ வீக்கம் தெரிஞ்சா அக்வபோரின்-4 ஆன்டிபாடி கேக்கணும், செல் முறையில செய்யுற லேபா இருக்கணும். எம்எஸ் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) நோய்னு நினைச்சு இன்டர்ஃபெரான் போட்டா அது இன்னும் முத்தும்.

இந்த மூணுக்கும் அன்னைக்கே 108ல ஏத்திருங்க, ஓபி சீட்டுக்குக் காத்திருக்க வேண்டாம்.

---

கிராமச் செவிலியர், முக்கூடல் பக்கம்

எச்சில் அளந்தேன், 15 நிமிஷத்துக்கு 0.8 மில்லிதான். வெங்காயம் நறுக்கினா கண்ணீர் வர்றதில்லைன்னு இப்பத்தான் அவங்களுக்கே உறைக்குது. திங்கக்கிழமை ஹைகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். ஸ்டீராய்டு போடுவாங்களா? அதுக்கு முன்னால நான் இங்கயே எதை முடிச்சு வைக்கலாம்? அவங்க மகள் இப்ப மூணு மாசக் கர்ப்பம். அவளுக்கும் பாக்கணுமான்னு கேக்காங்க.

---

வாதநோய் மருத்துவர், திருநெல்வேலி

என்ன மருந்துன்னு அவங்களை நேர்ல பாக்குற டாக்டர்தான் முடிவெடுப்பார். வழக்கமா மெத்தில்ப்ரெட்னிசலோன்ங்கிற ஸ்டீராய்டு நாளுக்கு 1 கிராம், சலைன்ல மெதுவா, 3 முதல் 5 நாள் போகும். இல்லைன்னா ஐவிஐஜி (நரம்பு வழியா ஏத்துற இம்யூனோகுளோபுலின்), கிலோவுக்கு மொத்தம் 2 கிராம் 5 நாளாப் பிரிச்சு. 50 கிலோ ஆளுக்கு 100 கிராம், செலவு பெருசு. அதனால முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் மூணையும் கையோட கொண்டு போகச் சொல்லுங்க. பிறகு மைக்கோஃபெனலேட், ரிட்டுக்சிமாப் மாதிரி எதிர்ப்பு சக்தியை அடக்குற மருந்து. ஹைட்ராக்சிகுளோரோகுயின் மூட்டுக்கும் சோர்வுக்கும் குடுப்போம், கிலோவுக்கு 5 மில்லிகிராம் தாண்டாம. நரம்பு பாதிப்புக்கு அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. வீட்டுக்காரங்ககிட்ட இதையும் சொல்லிருங்க: மதமதப்பு முழுசா மறையும்னு எதிர்பாக்கக் கூடாது, மேல பரவாம நின்னாலே மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

நீங்க முடிக்க வேண்டியதுல முதலிடம் பொட்டாசியம். ஸ்டீராய்டு அதை இன்னும் இறக்கும். இவங்களுக்கு ஏற்கெனவே ஒழுகுது, பாக்காம 1 கிராம் ஏத்தினா கார்த்திகையில நடந்தது வார்டுலயே நடக்கும். அந்தப் பழைய சீட்டை ஃபைல்ல முதல் தாளா வைங்க. பிறகு நெஞ்சு எக்ஸ்ரே, மாண்டோ ஊசி (டிபிக்கான தோல் டெஸ்ட்), சளி இருந்தா டிபி பரிசோதனை. ஹெபடைட்டிஸ் பியும் கண்டிப்பா பாக்கணும். தூங்கிக்கிட்டு இருக்கிற வைரஸை ரிட்டுக்சிமாப் எழுப்பி விட்டுரும். செருப்பில்லாம வயல்ல நடக்கிறவங்களுக்கு ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு இருக்கலாம், ஸ்டீராய்டு போட்டா அது உடம்பு பூரா பரவும். மலப் பரிசோதனையில பல நேரம் தப்பிச்சிரும், அதனால ஐவர்மெக்டின் முன்கூட்டியே குடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கிடுங்க.

வாய்க்கும் இப்பவே கவனம் வேணும். எச்சில் இல்லாத வாயில ஈறு ஓரத்துல பல் வேகமாச் சொத்தையாகும். ஃப்ளோரைடு பேஸ்ட், சக்கரை இல்லாத மிட்டாய், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பல் டாக்டர். நாக்கு செவந்து எரிஞ்சா பூஞ்சைத் தொற்று. கண்ணுக்கு கார்பாக்சிமெத்தில்செல்லுலோஸ் சொட்டு நாளைக்கு நாலு தடவை, அதுக்கு மேல தேவைப்பட்டா கெடாம இருக்கச் சேக்குற ரசாயனம் (ப்ரிசர்வேட்டிவ்) கலக்காத வகை. தாடை வீக்கம் வத்தாம நின்னாலோ, சி4 தாழ்ந்திருந்தாலோ அப்பப்ப வந்து காட்டணும், நிணநீர்ப் புற்று வர்ற வாய்ப்பு அவங்களுக்குத்தான் கூட.

மகளுக்கு எந்த அறிகுறியும் இல்லைன்னா எல்லா டெஸ்ட்டும் வேண்டியதில்லை. அம்மாவோட ஆன்டிபாடி பேரப்பிள்ளைக்குப் போகாது, மகளுக்கே இருந்தாத்தான் வயித்துப் பிள்ளைக்கு ஆபத்து. ஆனா மகளுக்கு மூட்டு வலி, கண் உறுத்தல், வெயில்ல தடிப்பு, முன்னால கரு கலைஞ்சது இதுல ஏதாவது இருந்தா ரோ ஆன்டிபாடி எடுத்துருங்க. பாசிட்டிவ்னா 100ல ஒண்ணு, ரெண்டு குழந்தைக்கு இதய மின்தடை வரும். 16வது வாரத்துலிருந்து 26வது வாரம் வரைக்கும் குழந்தையோட இதய எக்கோ பாக்கச் சொல்லி பிரசவ டாக்டருக்கு எழுதுவோம். மூணு மாசம்தானே, ரிசல்ட் வாங்குறதுக்கு நேரம் இருக்கு.

---

பிசியோதெரபிஸ்ட், அம்பாசமுத்திரம்

திங்கக்கிழமைக்குள்ள விழுந்து எலும்பை முறிச்சுக்கிடாம இருக்கணும். ஆத்துல முங்குறது வேண்டாம், வீட்ல ஸ்டூல்ல உக்காந்து சொம்பால ஊத்திக் குளிக்கட்டும். முகம் கழுவும்போது ஒரு கை சுவர்ல இருக்கணும். கொல்லைப்புறம் போற வழியில ராத்திரி பூரா ஒரு பல்பு எரியட்டும். ரப்பர் வார் செருப்பு கழண்டாத் தெரியாது, பின்பட்டி உள்ளதா வாங்குங்க. வெந்நீரை முழங்கையால தொட்டுப் பாத்துட்டு ஊத்தணும், பாதத்தைத் தினமும் சாயங்காலம் வீட்ல ஒருத்தர் பாக்கணும். அடுப்புல சட்டி இறக்கும்போது துணியைச் சுத்திப் பிடிக்கச் சொல்லுங்க, சூடு தெரியாம விரல் வெந்துரும். பீடி வேலையை அடியோட நிறுத்தச் சொல்ல வேண்டாம். கண்ணால பாத்துச் செய்யுற மெதுவான விரல் வேலை பயிற்சிதான், தட்டை மடியில இருந்து மேசைக்கு மாத்துங்க, வெளிச்சம் விரல் மேல விழணும்.